கடைக்குட்டியின் கை

ஜூன் 9

தம்பி,

நீ பேசாமல் இருந்தால் நானும் பேசப் போவதில்லை என்றுதான் இருந்தேன். கட்டில் சண்டைக்குப் பிறகு நீ எனக்கு ஒரு வரி எழுதவில்லை, நானும் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் அம்மாவுக்குப் போன் போட்டு, "சாப்ட்டியா, மாத்திரை போட்டியா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாய். அதெல்லாம் கிடக்கட்டும். இதைப் போனில் சொல்ல முடியாது. சொன்னால் "ம்... ம்..." என்று கொட்டியே என் உயிரை வாங்குவாய். எழுத்தைப் பற்றிய சேதி, எழுத்திலேயே வரட்டும்.

நம் கடைக்குட்டி உயிரோடு இருக்கிறான்.

முதலில் உட்கார். முந்தாநாள் வேலை முடிந்து வரும்போது, பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே புதிதாக ஒரு சலவைக் கடை திறந்திருப்பதைப் பார்த்தேன். வெள்ளைப் பலகை, நீல எழுத்து. "உங்கள் துணிகள் எங்கள் கையில்." படித்துவிட்டு நடந்தும்விட்டேன். கொஞ்ச தூரம் போன பிறகுதான் காலுக்கு உறைத்தது. திரும்பி ஓடி வந்தேன்.

அந்த ‘ணி’யை நீ பார்க்க வேண்டும். சுழியெல்லாம் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, பஸ்ஸில் தூங்குகிறவர்கள் மாதிரி. ‘து’வின் வாலை இழுக்கிற இழுப்பில் பலகையை விட்டே வெளியே போய்விடும் போல இருக்கிறது. ளகரத்தின் காலில் பிரஷ் காய்ந்து ஒரு வெள்ளைக் கீறல். ஒரு தடவை பெயிண்டில் முக்கினால் அதை வைத்துக்கொண்டே மொத்த வரியையும் ஒப்பேற்றப் பார்ப்பானே, அந்தச் சோம்பேறிக் கீறல்தான் அது. இந்த உலகத்தில் வேறு யாருக்கு அப்படி எழுத வரும், நீயே சொல்? எத்தனை கடைகளுக்கு அவன் விலைப் பலகை எழுதும்போது நான் பக்கத்தில் நின்று ஏணியைப் பிடித்திருக்கிறேன்!

"வெளியூர்ல ஒரு கடைக்கு போர்டு எழுதணும், சாயங்காலம் வந்துடறேன்" என்று பிரஷ் பையை மாட்டிக்கொண்டு போனவன். அந்தச் சாயங்காலம் இத்தனை வருஷமாக வரவே இல்லை. போலீஸ், ஆஸ்பத்திரி, பிணவறை என்று நாம் ஏறாத படியில்லை. கடைசியில் நீயே, "அவன் வர மாட்டான், அவன் கட்டிலை எடுத்துட்டு அம்மாவுக்கு ஒரு நல்ல நாற்காலி போடலாம்" என்றாய். அன்றைக்கு நான் உன்னை என்னவெல்லாம் சொன்னேன் என்று எனக்கு நினைவிருக்கிறது. இப்போது சொல், யார் சொன்னது சரி?

கடை முதலாளி ஊரில் இல்லை. வேலைக்கு இருக்கும் பெண்ணைக் கேட்டால், "முதலாளிதான் செஞ்சு கொண்டாந்தாரு, அவரைத்தான் கேக்கணும்" என்கிறாள். அடுத்த வாரம் வந்துவிடுவாராம். அம்மாவிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் எப்படி இருப்பேன்? முட்டி வலி முட்டி வலி என்று வாசற்படி தாண்டாதவள், செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு என்னோடு வந்தாள். கண்ணில் புரை இருப்பதால் பலகையின் கீழேயே போய் நின்று அண்ணாந்து பார்த்தாள். "அவன்தான்" என்றாள்.

லீவு கிடைத்தால் கிளம்பி வா. கிடைக்காவிட்டாலும் வா.

அக்கா

---

ஜூன் 14

அக்கா,

கடிதம் கிடைத்தது. என்ன எழுதுவது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன்.

அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டாம். என்னிடம் முதலில் கேட்டிருக்கலாம். சரி, சொல்லியாகிவிட்டது. இனி மேற்கொண்டு எதுவும் சொல்லாதே. அந்த முதலாளியிடமும் கேட்க வேண்டாம். நான் சொல்கிற வரைக்கும் பொறு.

ஒரே ஒரு காரியம் செய். அந்தப் பலகையில் ‘ள்’ மூன்று இடத்தில் வருகிறது. உங்கள், துணிகள், எங்கள். மூன்றையும் பக்கத்தில் போய் நன்றாகப் பார். பார்த்துவிட்டு எனக்கு எழுது. கையால் எழுதுகிறவன் ஒரே எழுத்தை இரண்டு தடவை ஒரே மாதிரி எழுத மாட்டான். நம் தம்பியால் அது முடியவே முடியாது.

லீவு இப்போது கிடைக்காது. கோபித்துக்கொள்ளாதே.

தம்பி

---

ஜூன் 21

உனக்கு,

பார்த்தேன். மூன்று ‘ள்’ளும் ஒன்றுதான். மூன்றிலும் அதே வெள்ளைக் கீறல், அதே இடத்தில், அதே நீளத்தில். பிரஷ் மூன்று தடவையும் ஒரே இடத்திலா காயும்?

பொறு என்றாய், நான் பொறுக்கவில்லை. முதலாளி வந்த அன்றைக்கே போய் நின்றேன். நல்ல மனுஷன். "இத எழுதினவரா? யாரும் எழுதலைம்மா. கம்ப்யூட்டர்ல இருக்கற ஃபான்ட்டு. கையால எழுதின மாதிரி இருந்தா ஜனங்க நம்பித் துணியைக் குடுப்பாங்கன்னு எம் மச்சான் சொன்னான்" என்றார். அதோடு விட்டாரா? "பேருகூட நல்லாருக்கும்மா. கடைக்குட்டின்னு பேரு. கடைங்களுக்குன்னே செஞ்சிருப்பாங்க போல" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. நம் வீட்டுப் பிள்ளையின் கையை எடுத்து, நம் வீட்டில் அவனைக் கூப்பிடுகிற பெயரையே அதற்கு வைக்க இந்த உலகத்தில் ஒருத்தன்தான் உண்டு. எழுத்துரு செய்வதுதான் அவனுக்கு வேலையும். எனக்கு எப்போது சொல்வதாக இருந்தாய்? உன் கம்பெனியில் கைதட்டினார்களா? கூடப் பிறந்தவனை விற்றுத் தின்ன எப்படியடா மனசு வந்தது?

ஒன்று தெரிந்துவிட்டால் அப்புறம் அது கண்ணை விட்டுப் போகாது என்பார்கள். இப்போது எங்கே திரும்பினாலும் அவன்தான். கேக் பெட்டியில் "இன்று இனிப்பான நாள்." குழந்தைத் துண்டின் மூலையில் "குட்டிச் செல்லம்." வட்டிக்குக் கொடுக்கிறவன் ஒட்டிய சுவரொட்டியில் "கவலை எதற்கு, நாங்க இருக்கோம்." நான் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரியில், நோயாளிகளுக்குக் கொடுக்கிற புது அட்டை நேற்று வந்திறங்கியது. "வலிக்காது, வாங்க!" வருகிறவர்களுக்கெல்லாம் என் கையாலேயே அதை எடுத்துக் கொடுக்கிறேன். அவன் எழுத்து எல்லா இடத்திலும் இருக்கிறது, அவன் மட்டும்தான் இல்லை.

அம்மாவிடம் நான் சொல்லவில்லை. மத்தியானம் ஆனால் எழுந்து சலவைக் கடைக்குப் போய்விடுகிறாள். முதலாளி அவளுக்கென்று வாசலில் ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறார். அவளை அங்கே பார்க்கும்போதெல்லாம் உன்னைக் கேட்க வேண்டும் போல இருக்கிறது. இதைச் சரிசெய்யத் தெரிந்த எழுத்து ஏதாவது உன்னிடம் இருக்கிறதா?

அக்கா

---

ஜூலை 2

அக்கா,

ஆமாம், நான்தான்.

நீ எவ்வளவு திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன். விற்றுத் தின்றேன் என்றது மட்டும் பொய். அதை நான் விற்கவில்லை, கம்பெனிக்கும் கொடுக்கவில்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று சும்மா விட்டேன். ஏன் என்று சொல்கிறேன். உன்னிடம் சொல்லியிருந்தால் அப்போதே வேண்டாம் என்றிருப்பாய்.

கட்டில் சண்டைக்கு முந்தைய தடவை வந்திருந்தபோது, அவன் எழுதி விட்டுப்போனதையெல்லாம் படம் எடுத்துக்கொண்டேன். பரணில் கிடந்த விலைப் பலகைகள், பிரஷ்ஷைத் துடைத்துப் பார்த்த செய்தித்தாள்கள், அம்மாவுக்குக் கதவில் செருகிவிட்டுப் போன சீட்டுகள். "அமமா, சாவி ஜன்னல்ல." "அமமா, பால் பொங்குது, நான் போறேன்." பாலை இறக்கி வைக்க ஆகிற நேரத்தில் சீட்டு எழுதியிருக்கிறான் மடையன். சிரித்துக்கொண்டே படம் எடுத்தேன், அப்புறம் அழுதேன்.

அந்தச் சீட்டுகளில் ஒரு இடத்தில்கூட ‘அம்மா’வுக்குப் புள்ளி கிடையாது. மற்ற வார்த்தைகளுக்கெல்லாம் ஒழுங்காக வைக்கிறவனுக்கு அம்மா என்று வந்தால் மட்டும் சோம்பல். அதனால் ‘ம்’மை ஒரு மரக்கடைப் பலகையிலிருந்து எடுத்தேன். ‘ஞ’ எங்கே தேடியும் கிடைக்கவில்லை. கடைகளில் ஞானம் விற்பதில்லை போலிருக்கிறது. அதை நானே வரைந்தேன். அவன் எழுதியிருந்தால் இப்படித்தான் எழுதியிருப்பான் என்று யோசித்து யோசித்து வரைந்த எழுத்து அது. இன்றைக்கும் அதை எங்காவது பார்த்தால் எனக்குக் கூச்சமாக இருக்கும்.

காணாமல் போனவனைத் தேட முகத்தைச் சுவரில் ஒட்டுவார்கள். நாமும் ஒட்டினோம், ஒரு மழைக்குக்கூடத் தாங்கவில்லை. இத்தனை வருஷத்தில் முகமும் மாறியிருக்கும். ஆனால் தன் கையை ஒருவன் மறப்பானா? கையால் எழுதின மாதிரி இருக்கும் எழுத்துக்குத்தான் இப்போது கிராக்கி. அச்சடித்த எழுத்து ஆபீஸ் மாதிரி இருக்கிறதாம், பிரஷ் எழுத்து தெரிந்தவர் பேசுகிற மாதிரி இருக்கிறதாம். அதனால்தான் வட்டிக்குக் கொடுக்கிறவனும் அதைத் தேடுகிறான். சும்மா கிடைத்தால் ஊருலகமே எடுத்துக்கொண்டு போகும். எந்தத் தேசத்தில், எந்தக் கடை வாசலில் நின்றாலும் ஒருநாள் அவன் கண்ணில் படும். "எவன்டா என் கையைத் திருடினது?" என்று கத்திக்கொண்டு வருவான் என்று நினைத்தேன். பாசத்துக்கு வராதவன் ரோஷத்துக்காவது வர மாட்டானா? எழுத்துருவோடு கூடவே ஒரு குறிப்பும் வைத்தேன். "இது உன் கை. எங்கே இருந்தாலும் எழுது." அதன் கீழே என் விலாசம்.

விலாசத்துக்குக் கடிதங்கள் வந்தன. இதே எழுத்து கொஞ்சம் தடிமனாகக் கிடைக்குமா என்று ஒருவர் கேட்டார். கல்யாணப் பத்திரிகைக்கு எடுத்தோம், எல்லாரும் பாராட்டினார்கள் என்று ஒரு பெண் எழுதினாள். இதைப் பார்த்தாலே மனசுக்குச் சந்தோஷமாக இருக்கிறது, எழுதினவர் எப்போதும் சிரித்துக்கொண்டே இருப்பவரா என்று ஒரு பெரியவர் கேட்டிருந்தார். அவருக்கு மட்டும் ‘ஆமாம்’ என்று பதில் போட்டேன்.

வர வேண்டியவன் வரவில்லை. இவ்வளவு இடத்தில் இருந்தும் அவன் கண்ணில் படவில்லை என்றால், பார்க்க அவனுக்குக் கண் இல்லை என்றுதான் அர்த்தம். இதைக் கட்டில் சண்டை அன்றைக்கே உங்களுக்குச் சொல்ல வந்தேன். வேறு மாதிரி சொல்லத் தெரியாமல் கட்டிலை எடுக்கலாம் என்று சொல்லிவிட்டேன். தூண்டில் போட்டது நான். மாட்டிக்கொண்டது நீயும் அம்மாவும்.

திரும்ப எடுத்துவிடு என்பாய். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்களே, எழுத்தும் அப்படித்தான். எத்தனை கம்ப்யூட்டரில் இருக்கிறதோ, எனக்கே தெரியாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனசில் வைத்துக்கொள்வானேன். அவன் சீட்டுகளையெல்லாம் அம்மா பிஸ்கட் டப்பாவில் போட்டு பீரோவில் பூட்டி வைத்திருந்தாள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பக்கம் பக்கமாக எழுதின கடிதங்களும் அந்த வீட்டில்தான் கிடந்தன. ஒன்றின் முதுகில் நீ மளிகைச் சாமான் எழுதியிருந்தாய். நடுவில் பிறந்தவனுக்கு இதெல்லாம் சகஜம்தான்.

தம்பி

---

ஜூலை 11

தம்பி,

மளிகைச் சாமான் எழுதினது நான்தான். அவசரத்துக்குக் கையில் கிடைத்த தாள். அதை ஞாபகம் வைத்திருக்கிறாயே, நீயும் நம் அம்மா பிள்ளைதான்.

உன் கடிதத்தைப் பல் ஆஸ்பத்திரியில் மேஜைக்குக் கீழே வைத்துப் படித்தேன். பாதியில் டாக்டர் வந்து, "பல் வலியா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். உன்மேல் இப்போது கோபம் இல்லை. கோபம் இருந்தபோது பரவாயில்லை, தாங்கிக்கொள்ள ஏதோ ஒன்று இருந்தது.

அம்மாவின் கதையைக் கேள். அவனுடைய நீலச் சட்டையை பீரோவிலிருந்து எடுத்துக்கொண்டு போய்ச் சலவைக்குப் போட்டிருக்கிறாள். "வந்ததும் போட்டுக்க ஒண்ணு வேணுமில்ல" என்கிறாள். முதலாளிக்கு விஷயம் தெரியும், நான்தான் சொன்னேன். அவருக்கு அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. "வருவாரும்மா, பலகைக்கு மறுபடி பெயிண்ட் அடிக்கணும், அப்ப வருவாரு" என்று சொல்லி வைத்திருக்கிறார். நல்லது செய்வதாக நினைத்து எல்லாருமாகச் சேர்ந்து அவளைக் கிணற்றில் இறக்கிக்கொண்டிருக்கிறோம்.

போன வாரம் மழை. குடையைப் பிடித்துக்கொண்டு அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள். வீட்டுக்குக் கூட்டிவரும்போதே உடம்பு அனல். நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, படுக்கையை விட்டு இறங்கக் கூடாது என்றார் டாக்டர். காய்ச்சலோடு மறுநாளும் கிளம்புகிறாள். கதவைச் சாத்தினால் கத்துகிறாள். "நான் இல்லாத நேரத்துல வந்துட்டுப் போயிட்டான்னா? உனக்கென்னடி, நீ ஆபீசுக்குப் போயிடுவ!" அது வெறும் ஃபான்ட் என்று ஒருநாள் மெல்ல ஆரம்பித்தேன். "எம் புள்ள எழுத்து எனக்குத் தெரியாதா? நீ போடி" என்றாள். அதற்குமேல் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. இந்தக் காய்ச்சலில் சொன்னால் அதுவே அவளுக்குக் கடைசியாகிவிடும்.

அதனால் கேட்கிறேன். உன்னைத் திட்டின வாயாலேயே கேட்கிறேன். அவன் கையில் ஒரு அட்டை எழுதி அனுப்பு. தூரத்தில் இருக்கிறான், நன்றாக இருக்கிறான், அவள் வீட்டில் இருக்க வேண்டும், அவ்வளவு போதும். அப்படியே அச்சடித்து அனுப்பிவிடாதே. ‘அம்மா’வில் ம இரண்டு தடவை வருகிறது. இரண்டும் ஒன்றாக இருந்தால், எனக்குத் தெரிந்தது அவளுக்கும் தெரிந்துவிடும். பலகை உயரத்தில் இருக்கிறது, அட்டையைக் கண்ணுக்கு நேரே வைத்துத்தான் படிப்பாள். இரண்டையும் வேறு வேறாக வை.

வேண்டாம் என்று எழுதாதே.

அக்கா

---

ஜூலை 16

அக்கா,

முடியாது.

கட்டிலை எடுக்கலாம் என்றதற்கு, "உந் தம்பிய நீயே கொன்னுட்டியே" என்று வாசலில் வைத்துக் கேட்டவள் நீ. இப்போது அவனாக வேஷம் போடச் சொல்கிறாய். ஒரு அட்டையோடு நிற்குமா இது? அடுத்த மாதம் இன்னொன்று கேட்பாள். அவள் இருக்கிறவரைக்கும் நான் அவனாகவே இருக்க வேண்டும். நடுவுலவன் எழுதினால் மளிகைச் சாமானுக்கு ஆகும், கடைக்குட்டி எழுதினால் டப்பாவுக்குப் போகும். எனக்கும் மனசு என்று ஒன்று இருக்கிறது அக்கா.

ஜூலை 20

மேலே எழுதியதைத் தபாலில் போடவில்லை. கிழிக்கவும் இல்லை, படித்துக்கொள். அட்டையை இதோடு வைத்திருக்கிறேன்.

முதலில் கம்ப்யூட்டரில்தான் செய்து பார்த்தேன். இரண்டு ம-வையும் மாற்றினேன், கீறலை மாற்றினேன், வரியைக் கொஞ்சம் கோணலாக்கினேன். எத்தனை செய்தும் செய்தது போலவே இருந்தது. அணைத்துவிட்டுப் போய் ஒரு பிரஷ் வாங்கி வந்தேன். அவன் வைத்திருந்தது போலப் பட்டை பிரஷ். சமையலறைத் தரையில் செய்தித்தாளைப் பரப்பிக்கொண்டு எழுத ஆரம்பித்தேன். இத்தனை வருஷமாக அவன் எழுத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, ஒருநாள்கூட அதை என் கையால் எழுதிப் பார்த்ததில்லை. அந்த வெள்ளைக் கீறல் சோம்பலால் விழுவதில்லை அக்கா, நாம் அநியாயமாகத் திட்டினோம். ளகரத்தின் காலை அவன் அவ்வளவு வேகமாகத் திருப்புகிறான். வேகம் இல்லாவிட்டால் அந்தக் கீறல் விழாது.

தாள் தீரத் தீர எழுதினேன். ஒரு கட்டத்தில் கை பழகிவிட்டது. அவன் பக்கத்தில் உட்கார்ந்து "போதும்டா, விடு" என்று சொல்வது போல இருந்தது. அப்புறம் அதுவும் இல்லை. அறையில் நான் மட்டும்தான் இருந்தேன்.

அட்டையில் இருப்பது இவ்வளவுதான். "அம்மா, நல்லா இருக்கேன். ரொம்ப தூரத்துல இருக்கேன். உடம்பப் பாத்துக்கோ. வீட்லயே இரு." ‘வந்துடறேன்’ என்று எழுதப் போனேன், கை வரவில்லை. நீ கேட்டபடி ம இரண்டும் வேறு வேறு. புள்ளியும் வைத்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் அதைக்கூடக் கற்றுக்கொள்ளாமலா இருப்பான்? வேறு உறையில் போட்டு, தபாலில் வந்ததாகச் சொல்லிக் கொடு. இதற்குமேல் என்னிடம் கேட்காதே.

தம்பி

---

ஆகஸ்ட் 1

தம்பி,

அட்டையைக் கொடுத்தேன். என்ன நடந்தது என்று உள்ளபடி எழுதிவிடுகிறேன், உன்னிடம் மறைத்து இனி ஆகப்போவது ஒன்றுமில்லை.

தலையணையை அண்டக்கொடுத்து உட்காரவைத்து, "அம்மா, தபால் வந்திருக்கு" என்று நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். நன்றாக இருக்கிற கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், எழுத்து எழுத்தாகப் படித்தாள். முகம் எப்படி மலர்ந்தது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. ஒரு நிமிஷம் நாம் செய்தது சரிதான் என்று நினைத்தேன். அப்புறம் மறுபடியும் முதல் வார்த்தைக்குப் போனாள். அங்கேயே நின்றுவிட்டாள். கட்டைவிரலை ‘ம்’முக்கு மேலே வைத்துத் தடவினாள்.

"குத்தியிருக்கே" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. என்னம்மா என்றேன்.

அவனுக்கு அவள்தான் எழுத்துச் சொல்லிக் கொடுத்தாள், உனக்கு நினைவிருக்கும். ‘அம்மா’ எழுத வந்தபோது, "ம-க்கு மேல ஒரு புள்ளி குத்துடா" என்றாளாம். பலப்பத்தைக் கீழே போட்டுவிட்டு, "அம்மாவக் குத்த மாட்டேன், வலிக்கும்" என்று அழுதானாம். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லையாம். சரி, அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் குத்த வேண்டாம் என்று இவளும் விட்டுவிட்டாளாம். "மீசை வெச்சப்புறமும் அவன் அதுல குத்தினதே இல்லடி. எனக்கும் அவனுக்கும் ஒரு வெளையாட்டு அது. யாருகிட்டயும் சொன்னதில்ல" என்றாள். சொல்லிவிட்டு அட்டையை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"அவன் இருந்தா குத்தியிருக்க மாட்டான்."

நீ சோம்பல் என்றாய், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு நமக்குத் தெரியவில்லை பார்.

அன்று மத்தியானம் அவள் சலவைக் கடைக்குக் கிளம்பவில்லை. மறுநாளும் கிளம்பவில்லை. சளி கரைந்துவிட்டது, எழுந்து நடக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அவள் எழுந்திருக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். கஞ்சி கொடுத்தால் குடிக்கிறாள், கொடுக்காவிட்டால் கேட்பதில்லை. நேற்று அவளாகவே, "அந்தக் கட்டில எடுத்துடலாம்" என்றாள். முதலாளியும் நானும் சேர்ந்து கழற்றினோம். கழற்றின இடத்தில் தரை மட்டும் புதிதாக இருக்கிறது, அந்தப் பக்கம் போகவே எனக்குப் பிடிக்கவில்லை. நீலச் சட்டையைத் தேய்த்து உறையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார் அவர். அதைக் கையில்கூட வாங்கவில்லை. "உங்க கடையில யாருக்காவது பத்தும், குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டாள். அவர் கடைப் பலகையையும் மாற்றப்போவதாகச் சொன்னார். வேண்டாம், நன்றாகத்தான் இருக்கிறது என்றேன்.

அழுதால் தேவலாம் போல இருக்கிறது. அவள் அழவில்லை. நான்தான் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதுவிட்டு வருகிறேன். நான் அந்த அட்டையைக் கேட்டிருக்கக் கூடாது.

அட்டையை அவன் சீட்டுகள் இருக்கும் பிஸ்கட் டப்பாவில் வைக்கப் போனேன். "அதுல வேணாம். தனியா வை" என்றாள், திரும்பிப் பார்க்காமலே. எங்கே வைப்பது என்று தெரியாமல் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ரொம்ப நேரம் கழித்து, தூங்கிவிட்டாள் என்று நினைத்தபோது பேசினாள். அதை உனக்கு எழுதச் சொன்னாள். அவள் சொன்னது சொன்னபடி எழுதுகிறேன்.

"நடுவுலவனுக்கு எழுது. அவன் கையும் நல்லாத்தான் இருக்குன்னு சொல்லு. அடுத்த தடவ அவன் பேர்லயே எழுதச் சொல்லு."

அக்கா